லயம்: ஓர் ஆங்கிலச் சொல் மலைத்தோட்டத்தில் வீடான வரலாறு

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசைக் குடியிருப்புக்கு 'லயம்' என்று பெயர். மூணாற்றுத் தமிழர் பேச்சில் வழங்கும் இச்சொல்லை மலையாள நாளிதழ்களும் கேரள அரசின் ஆவணங்களும் அப்படியே ஏற்றுக்கொண்டுள்ளன. ஆங்கில நாளிதழ்கள் இதை ஓர் உள்ளூர்ச் சொல்லாகக் கருதி 'லயம்' என்றே எழுதி, அருகில் 'தொழிலாளர் லைன்' என்று விளக்கமும் தருகின்றன. அந்த விளக்கத்தில் உள்ள 'லைன்' என்பதுதான் 'லயம்' என்பதன் மூலச்சொல். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் ஆங்கிலம் கொடுத்த சொல், தமிழர் வாயில் உருமாறி, ஆங்கிலத்துக்கே அடையாளம் தெரியாத அயற்சொல்லாகத் திரும்பிப் போயிருக்கிறது.

இச்சொல்லின் பிறப்பை ஆராய்வது வெறும் சொல்லாராய்ச்சி இன்பத்துக்காக மட்டுமன்று. 'லயம்' என்ற ஒலி வடமொழியை நினைவூட்டுவது. இசையில் தாளத்தின் நடையையும், சமயத்தில் ஒன்றில் ஒன்று கரைந்து அடங்குதலையும் குறிக்கும் 'லயம்' தமிழுக்குப் பழகிய சொல். 'உறைவிடம்' எனப் பொருள்படும் 'ஆலயம்' என்பதன் குறுக்கமே இது என்றும் ஒருவருக்குத் தோன்றக்கூடும். குதிரைக் கொட்டிலைக் குறிக்கும் 'லாயம்' என்பதோடு இணைத்துப் பார்க்கவும் இடமுண்டு. முதற்கருத்து தோட்டக் குடியிருப்புக்கு இல்லாத கண்ணியத்தை அளிக்கிறது. இரண்டாவது, அங்கு வாழ்ந்தோரின் துயரத்தைச் சுட்டுவதுபோல் அமைந்து மனத்தை ஈர்க்கிறது. இரண்டுமே வரலாற்றுச் சான்றுக்கு ஒத்துவருவன அல்ல. சொல்லின் ஒலியும், அது வழங்கும் நிலப்பரப்பும், அது குறிக்கும் கட்டட அமைப்பும் மூன்றும் ஒருங்கே சுட்டுவது ஆங்கில 'லைன்' என்பதையே.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் கதை நீண்டது. இலத்தீனில் 'லீனும்' என்பது ஆளிச்செடியின் பெயர். அச்செடியின் நாரால் திரித்த கயிற்றுக்கு 'லீனியா' என்று பெயர். நேராக இழுத்துக் கட்டிய கயிறு, அக்கயிறு காட்டும் நேர்கோடு, கோட்டில் அமைந்த வரிசை எனப் பொருள் விரிந்தது. 'லினன்' என்ற துணியின் பெயரும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. இடைக்கால ஆங்கிலத்தில் இச்சொல்லின் உயிர் நெடில் இகரமாக இருந்தது. இறுதி எகரமும் ஒரு காலத்தில் ஒலிக்கப்பட்டது. பதினைந்தாம் நூற்றாண்டு முதல் ஆங்கில நெட்டுயிர்கள் பெரும் மாற்றத்துக்கு உள்ளாயின. 'லீன' என ஒலித்த சொல் படிப்படியாக 'லைன்' ஆயிற்று. எழுத்து மட்டும் பழைய நிலையிலேயே நின்றுவிட்டது. இகரம் எழுதி ஐகாரம் ஒலிப்பதும், இறுதி எகரத்தை எழுதி ஒலிக்காமல் விடுவதும் அந்த மாற்றத்தின் எச்சங்கள். பிற்காலத்தில் பிரெஞ்சிலிருந்து வந்த 'மெஷின்' போன்ற சொற்களில் அதே எழுத்துக்கூட்டு ஈகாரமாகவே ஒலிக்கிறது. ஆங்கிலேயர் தென்னிந்திய மலைகளுக்கு வந்தபோது கொண்டுவந்த ஒலிப்பு 'லைன்' என்பதே.

அவர்கள் கொண்டுவந்த பொருள் எது என்பதே அடுத்த வினா. கோடு, வரிசை என்ற பொதுப்பொருளிலிருந்து நேரே 'குடியிருப்பு' என்ற பொருள் பிறந்துவிடவில்லை. இடையே ஒரு படி உண்டு, அது படைமுகாம். முகாமில் கூடாரங்களையும் குடிசைகளையும் நேர்வரிசையில் அமைப்பது ஐரோப்பியப் படைமரபு. அவ்வரிசைகள் 'லைன்ஸ்' எனப்பட்டன. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளில் சிப்பாய்கள் தங்கிய குடிசை வரிசைகள் 'சிப்பாய் லைன்ஸ்'. குதிரைகள் கட்டப்பட்ட வரிசை 'குதிரை லைன்ஸ்'. படைப்பகுதிக்கு வெளியே அதிகாரிகள் வாழ்ந்த பகுதி 'சிவில் லைன்ஸ்' ஆயிற்று. காவலர் குடியிருப்பு இன்றும் தமிழக நகரங்களில் 'போலீஸ் லைன்' என்றே வழங்குகிறது. தோட்ட முதலாளிகள் ஆயிரக்கணக்கான தொழிலாளரை ஓரிடத்தில் குடியமர்த்த நேர்ந்தபோது, அவர்கள் முன்னிருந்த ஆயத்த மாதிரி இந்தப் படைமுகாமே. பெயரும் அதனோடு வந்தது. இலங்கை, மலாயா, அசாம், நேட்டால், பீஜி என இந்தியத் தொழிலாளர் சென்ற இடமெங்கும் அவர்கள் குடியிருப்புகள் 'கூலி லைன்ஸ்' என்றே பதிவாகியுள்ளன.

'கூலி லைன்ஸ்' என்ற தொடரின் முதற்சொல்லும் கவனத்துக்குரியது. தமிழில் 'கூலி' என்பது உழைப்புக்குத் தரும் ஊதியம். ஆங்கிலத்தில் அது உழைப்பவரின் பெயராயிற்று. குஜராத்தின் கோலி இனத்தாரின் பெயரிலிருந்து இது வந்தது என்போரும் உளர். ஆயினும் தமிழ்ச்சொல்லின் தாக்கத்தை அறிஞர் பலர் ஏற்கின்றனர். ஊதியத்தைப் பெறுபவரையே ஊதியத்தின் பெயரால் அழைத்த மொழி, அவர் வாழும் வீட்டை வரிசையின் பெயரால் அழைத்தது. தோட்டத்தின் மறுபுறம் துரையின் இல்லம் 'பங்களா'. வங்காளத்து வீட்டு அமைப்பைக் குறித்த இந்தியச் சொல்லே ஆங்கிலத்துக்குள் சென்று அவ்வாறு ஆனது. ஆகவே தோட்டத்தில் ஆங்கிலேயர் இந்தியப் பெயர் கொண்ட வீட்டில் வாழ்ந்தனர். தமிழர் ஆங்கிலப் பெயர் கொண்ட வீட்டில் வாழ்ந்தனர்.

மூணாற்றில் இச்சொல் வேர்கொண்ட காலத்தை ஓரளவு வரையறுக்க முடியும். 1877 ஜூலை 11 அன்று பூஞ்ஞாற்று அரசர், கண்ணன் தேவன் மலைகளில் ஏறத்தாழ 1,37,000 ஏக்கர் நிலத்தை ஜான் டேனியல் மன்றோவுக்கு வழங்கினார். 1879இல் வடதிருவிதாங்கூர் நிலப் பயிர்ச் சங்கம் உருவாயிற்று. 1880இல் ஏ. எச். ஷார்ப் பார்வதித் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1895இல் பின்லே மியூர் நிறுவனம் நுழைந்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் அமைந்தது. தொழிலாளர் பெரும்பாலும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்டனர். போடிநாயக்கனூரிலிருந்து மலையேறுவதே முதன்மையான வழி. பிற்காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடப்பாதை அமைந்து தேயிலைப் பெட்டிகள் இறங்கின. மனிதர் நடந்தே ஏறினர். ஏறி வந்தவர்க்கு அவர்தம் ஊரில் இல்லாத புதுப்பொருள் ஒன்று காத்திருந்தது: ஒரே கூரையின்கீழ், பொதுச்சுவர்களால் பிரிக்கப்பட்ட, ஒற்றை அறைகளின் நீண்ட வரிசை. புதுப்பொருளுக்கு அதனைக் கட்டியவர் சொன்ன பெயரையே வழங்கினர். ஆனால் தம் நாவின் இலக்கணத்துக்கு அதை இணக்கிக்கொண்டனர்.

அந்த இணக்கம் இரண்டு படிகளில் நிகழ்ந்ததாகக் கொள்ளலாம். முதற்படி 'லைன்' என்பது 'லயன்' ஆனது. ஐகாரமும் 'அய்' என்ற ஒலிக்கூட்டும் ஒன்றற்கொன்று நிற்கும் என்பதைத் தொல்காப்பியம் மொழிமரபிலேயே கூறுகிறது. 'லைன்' என்பதிலுள்ள ஐகாரம் 'அய்' எனப் பிரிந்து, யகரம் உயிரேற்று ஈரசைச் சொல்லாக விரிவது தமிழுக்கு இயல்பே.

இரண்டாம் படியே சுவையானது. 'லயன்' என்பதில் உள்ள 'அன்' ஈறு தமிழில் உயர்திணை ஆண்பாலுக்கு உரியது. அவன், மகன், கண்ணன் என்பனவற்றோடு ஒரு கட்டடத்தின் பெயர் சேர்ந்து நிற்பது தமிழ்ச் செவிக்கு உறுத்தும். அஃறிணைப் பெயர்க்கு ஏற்ற ஈறு 'அம்'. நிலம் நிலன் என்றும், கலம் கலன் என்றும், நலம் நலன் என்றும் மகரமும் னகரமும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருதலைத் தொல்காப்பியமும் நன்னூலும் பேசுகின்றன. செய்யுளில் மகரம் னகரமாவதை இலக்கணிகள் கண்டனர். மலைத்தோட்டத்தில் எழுத்தறியா மக்கள் அதே வழியில் எதிர்த்திசையில் நடந்து, னகரத்தை மகரமாக்கினர். 'லயம்' பிறந்தது. வேற்றுமை ஏற்கும்போது 'அத்து'ச் சாரியை பெற்று 'லயத்தில்', 'லயத்துக்கு', 'லயத்து ஆட்கள்' என மரம், குளம் போன்ற சொற்களின் வரிசையில் அது முழுமையாகச் சேர்ந்துகொண்டது. கடன்சொல் ஒன்று சாரியை பெறுவது அது விருந்தினர் நிலை நீங்கிக் குடும்பத்தில் ஒருவரானதன் அடையாளம்.

லகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது என்பது விதி. நன்னூல் வழியில் எழுதினால் 'இலயம்' என்றாகவேண்டும். பேச்சில் எவரும் அவ்வாறு சொல்வதில்லை. இலக்கணம் அறிந்தோர் செய்யும் திருத்தம் இச்சொல்லைத் தொடவில்லை என்பதே இது செவிவழி வந்த உழைப்பாளர் சொல் என்பதற்கு மேலும் ஒரு சான்று.

இம்மாற்றம் மூணாற்றில் தனியே நிகழ்ந்ததன்று. இலங்கையின் மலையகத்தில் 'லயன்', 'லயம்' என்ற இரு வடிவங்களும் இன்றுவரை வழங்குகின்றன. 'மேட்டு லயம்', 'பணிய லயம்' என்பன அங்குள்ள இடப்பெயர்கள். சிங்களத்திலும் மகர ஈற்றோடு 'லெயிம்' என்ற வடிவம் உண்டு. அறைக்கு அங்கு வழங்கும் 'காம்பரா' என்பது போர்ச்சுக்கீசியர் தந்தது. எனவே 'லயத்துக் காம்பரா' என்ற தொடரில் இரு ஐரோப்பிய மொழிகள் தமிழ்ச் சாரியையால் கட்டப்பட்டுள்ளன. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் 1820களில் தொடங்கியவை. மூணாற்றுத் தேயிலைக்கு அரை நூற்றாண்டு மூத்தவை. 1869இல் தோன்றிய இலைநோய் அங்குக் காப்பியை அழித்தது. இருபுறத்துத் தோட்டங்களும் ஒரே வகைத் துரைமாரையும், ஒரே கங்காணி முறையையும், ஒரே தமிழ் மாவட்டங்களின் உழைப்பையும் சார்ந்திருந்தன. சொல் இலங்கையில் உருப்பெற்று மலையாளக் கரைக்கு வந்திருத்தல் கூடும். இரு இடங்களிலும் ஒரே இலக்கண விதியால் தனித்தனியே உருப்பெற்றிருத்தலும் கூடும். எவ்வாறாயினும் 'ஆலயம்', 'லாயம்' என்ற விளக்கங்கள் இந்தப் பரவலையும், 'லயன்' என்ற இடைநிலை வடிவத்தையும் விளக்கமாட்டா.

அதே ஆங்கிலச் சொல் பிற்காலத்தில் இரண்டாம் முறையாகவும் தமிழுக்குள் வந்தது. இம்முறை பள்ளிக்கூடம், அலுவலகம், தொடர்வண்டி, மின்வாரியம் ஆகியவற்றின் வழியே 'லைன்' என்ற வடிவில் வந்தது. ரயில்வே லைன், போன் லைன், லைன்மேன், கடைமுன் நிற்கும் லைன் என அதன் பொருள்கள் பல. கொங்குநாட்டு ஊர்களில் வாடகைக்கு விடும் வரிசை வீடுகள் 'லைன் வீடு' எனப்படுகின்றன. கேரளத்தின் பல நகரங்களில் அவை 'லைன் முறி'. மூணாற்றுத் தொழிலாளி ஒருவர் தம் லயத்துக்கு மின்சார லைன் வரவில்லை என்று சொல்லும்போது, ஒரே ஆங்கிலச் சொல்லை இருமுறை சொல்கிறார் என்பதை அவரோ கேட்பவரோ உணர்வதில்லை. 'லயன்' என்ற எழுத்துக்கூட்டுக்கு வேறொரு சிக்கலும் நேர்ந்தது. தமிழ்நாட்டு வாசகர்க்கு அது சிங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். இலங்கை நாளிதழில் 'லயன் அறைகள்' என்ற தலைப்பைக் காணும் தமிழ்நாட்டு மாணவர் ஒரு கணம் திகைப்பது இயல்பே.

மூணாற்றிலிருந்து வடக்கே ஆனைமலைத் தொடரில் வால்பாறையைக் கடந்தால் பாலக்காட்டு மாவட்டத்தின் நெல்லியாம்பதி மலைகள் வரும். இவை பழைய கொச்சி அரசைச் சேர்ந்தவை. காப்பியும் தேயிலையும் விளையும் இம்மலைகளிலும் தமிழ்த் தொழிலாளர் உண்டு. ஆனால் அங்கும், வயநாட்டிலும் தோட்டக் குடியிருப்புக்குப் பெரிதும் வழங்கும் பெயர் 'பாடி'. இது தமிழுக்குப் புதிதன்று. வியாசர்பாடி, மேல்பாடி போன்ற ஊர்ப்பெயர்களில் நிற்கும் அதே சொல்லோடு இது இயைபுடையது என்று கொள்ளலாம். தமிழகராதிகள் 'பாடி' என்பதற்கு முல்லைநிலத்து ஊர் என்றும், படை தங்கும் இடம் என்றும் பொருள் தருகின்றன. 'பாடிவீடு' என்பது பாசறை. ஆங்கிலத்தில் 'லைன்' படைமுகாமிலிருந்து தோட்டத்துக்கு வந்த சொல். 'பாடி' என்பதும் பாசறைப் பொருளைத் தன்னுள் கொண்ட சொல். ஒரு மலையில் அயற்சொல்லும் மறுமலையில் சொந்தச் சொல்லும் வழங்கினாலும், இரண்டும் குடியிருப்பைத் தற்காலிகத் தங்கலிடமாகவே காண்கின்றன. வேலை உள்ளவரை தங்கி, வேலை முடிந்தால் பெயர்ந்து செல்லவேண்டிய இடம் என்பதே இரண்டின் உட்பொருள்.

சொல்லின் பொருள் சட்டத்தின் பொருளோடு முரண்படும் இடம் இதுவே. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் தங்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் தேவையான வீட்டுவசதியை அமைத்துப் பராமரிக்கும் கடமையை 15ஆம் பிரிவில் முதலாளியிடம் வைத்தது. சட்டத்தின் சொல் 'வீடு'. நிலத்தில் நின்றது 'லயம்'. அவ்வீடு தொழிலோடு பிணைக்கப்பட்டது. ஓய்வு பெற்றவர், தம் குடும்பத்தில் வேறொருவர் தோட்டத்தில் பணிபுரிந்தாலன்றி, அதை ஒப்படைக்கவேண்டும். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த அறை நான்காம் தலைமுறைக்கு உரிமையாவதில்லை. லயத்தை விட மனமில்லாத முதியோரின் மகனோ மகளோ, படித்திருந்தும் கொழுந்துக் கூடையைத் தூக்கும் நிலை இதனால் விளைந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீருமேட்டில் சில தோட்டங்கள் கைவிடப்பட்டன. ஊதியம் நின்றது, பராமரிப்பும் நின்றது, போக்கிடம் இல்லாதவர் பழுதுபட்ட லயங்களிலேயே தங்கினர்.

1981இல் அச்சட்டத்தில் 16அ பிரிவு சேர்க்கப்பட்டது. முதலாளி அளித்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால் இழப்பீடு தரவேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் இடிவு முற்றிலும் குடியிருப்போரின் தவறாலோ இயற்கைப் பேரிடராலோ நேர்ந்திருந்தால் அப்பொறுப்பு இல்லை. சரிவான மலையில், ஓடையை ஒட்டி, நேர்கோட்டில் நிற்கும் கட்டடத்தின்மேல் மண் சரியும்போது, எது இயற்கை, எது இடத்தேர்வு என்ற வினாவுக்கு இந்த வரையறை எளிதில் விடை தருவதில்லை.

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர் தொழிற்சங்கங்களை ஒதுக்கிவைத்துத் தாமே 'பொம்பிளை ஒருமை' என ஒன்றுபட்டுச் சாலையில் அமர்ந்தனர். உடனடிக் காரணம், 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் அவர்கள் எழுப்பிய முழக்கங்களில் ஒற்றையறைக் குடியிருப்புக்கும் பங்களாவுக்கும் இடையிலான தொலைவும் இடம்பெற்றது. நூறாண்டுக்கு முன் எதிரெதிர்த் திசைகளில் எல்லை கடந்த இரு சொற்கள் அங்கு நேருக்கு நேர் நின்றன.

ஐந்தாண்டுகளுக்குப் பின், 2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. லய வரிசைகள் உறங்கிக்கொண்டிருந்த மக்களோடு புதைந்தன. இறந்தோர் 70 பேர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. தனித்தனி வீடுகள் சிதறி நிற்கும் ஊரில் ஒரு சரிவு சில வீடுகளைத் தாக்கி, சிலவற்றை விட்டுவைக்கக்கூடும். ஒரு கூரையும் பொதுச்சுவரும் கொண்ட வரிசையில் அந்த வாய்ப்புக் குறைவு. மேற்பார்வைக்கும் சிக்கனத்துக்கும் வசதியான வடிவம், பேரிடரில் அழிவைப் பன்மடங்காக்கும் வடிவமாகவும் ஆயிற்று.

இலங்கை மலையகத்தில் அண்மைக்காலக் கோரிக்கையின் பெயர் 'தனி வீடு'. இந்திய அரசின் உதவியோடு முன்பு கட்டப்பட்ட மலையக வீடுகளுக்கு 7 பேர்ச் நிலம் என்பது அளவாக இருந்தது. வீடு பெரிதாகவேண்டும் என்பதைவிட, வீடு தனித்து நிற்கவேண்டும், அதன் அடிநிலம் தமதாகவேண்டும் என்பதே அக்கோரிக்கையின் உயிர். 'தனி' என்ற அடைமொழி 'லயம்' என்பதற்கு நேர் எதிர்ச்சொல்லாக அங்கு வளர்ந்துள்ளது. 'லயம்' என்றால் 'வரிசை' என்ற மூலப்பொருளை அகராதி பாராமலே அம்மக்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இச்சொல்லை ஆராயும் மாணவர்க்குக் கள ஆய்வில் பயன்படும் மூன்று சொற்கள் உண்டு: ஊர், வீடு, லயம். மூணாற்றில் பிறந்து மூணாற்றிலேயே முதுமை அடைந்தவரும் 'உங்களுக்கு எந்த ஊர்?' என்றால் சங்கரன்கோவில் என்றோ கயத்தாறு என்றோ விடை சொல்வதுண்டு. பெட்டிமுடியில் மாண்டோருள் பலர் கயத்தாற்றைப் பூர்விகமாகக் கொண்டவர்களே. சொந்தப் பணத்தில் சமவெளியில் கட்டியதும் கட்ட விரும்புவதும் 'வீடு'. பிறந்ததும், மணந்ததும், பிள்ளை பெற்றதும், உழைத்து ஓய்ந்ததும் லயத்தில். எந்தத் தலைமுறை, எந்தத் தோட்டத்தில், எந்தச் சூழலில் 'லயம்' என்பதை விட்டு அதே அறையை 'எங்கள் வீடு' என்று சொல்லத் தொடங்குகிறது என்பதைக் கேட்டுப் பதிவுசெய்வது இனி செய்யவேண்டிய வேலை. கங்காணியிடம் பெயர் பதிந்து மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்கள் இருக்கும்போதே அது நடந்தாக வேண்டும்.